பிரப்பன்வலசைக் கரையில் ஒரு பலகையும் இரு வார்களும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் நீங்கள் ஒரு முறையேனும் பயணம் செய்திருப்பீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தையும், அதனருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அவற்றைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரையாளர் இல்லை. நான் இங்கே உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவ்வளவு தொலைவுக்கன்று. உச்சிப்புளியை அடுத்து, சாலையின் இடப்புறமாக வடக்கு நோக்கிப் பிரியும் சிறு சாலைகளில் ஒன்றில் இறங்கிவிடுங்கள். பனைகளும் உடை மரங்களும் வேலிக்கருவைப் புதர்களும் சிறிது தூரம் உடன் வரும். பின்னர் சவுக்குத் தோப்பு. அதைக் கடந்தால் மணல். மணலைக் கடந்தால் கடல்.

அலையில்லாத கடல் அது. எங்கள் மாவட்டத்தார் பாக் நீரிணைப் பக்கமுள்ள இந்த வடகடலைப் ‘பெண் கடல்’ என்றும், மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடலை ‘ஆண் கடல்’ என்றும் அழைப்பர். ஒரே நிலப்பட்டையின் இரு பக்கங்களிலும் இரு வேறு குணமுள்ள கடல்கள். மண்டபத்தில் நின்றால் இரண்டையும் ஒரே நாளில், நடந்தே சென்று பார்த்துவிடலாம். எனினும் பெண் கடலின் அமைதியை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. வாடைக் காலத்தில் அதன் முகமே வேறு.

நான் அங்கே சென்றது ஒரு கையெழுத்தின் பொருட்டு. பதினேழு வயது நிரம்பிய என் மகன், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பு நான் கொடுத்த ஒரு வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரையில் கற்றுத்தரப்படும் ‘கைட் சர்ஃபிங்’ என்னும் கலையைக் கற்கத் தொடங்கியிருந்தான். பெரிய பட்டம் ஒன்றை இடுப்புக் கச்சையில் பூட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, காற்றின் இழுப்பில் கடல்மீது சறுக்கிச் செல்லும் விளையாட்டு அது. முதல் சில நாட்கள் பட்டத்தை ஆளும் பயிற்சி மட்டுமே, பலகை கிடையாது. பலகையில் ஏறும் நாளுக்கு முன்பு பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான்.

மதரஸா ஆசிரியனான எனக்குப் பலகை என்றால் பிள்ளைகள் அலிஃப், பே எழுதிப் பழகும் பலகைதான். அதில் ஏறி நிற்பதைப் பற்றி நான் என்ன அறிவேன்? தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அவனுடைய உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கால் அந்தப் பலகையில் மாட்டிக்கொண்டு கழலாமல் போனால்?”

வாசகர்களே, இது ஏதோ அஞ்சிய தாயின் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். கீழக்கரையில் சங்கு குளிக்கும் ஒருவரின் மகள் கேட்ட கேள்வி அது. காலில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

என் மாமனாருக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. ஐந்தாறு ஆண்டுகளாகக் கடலில் இறங்குவதில்லை. ஆனால் இளைஞர்களுக்குக் ‘கால் தகடு’ வெட்டித் தருவார். கடைகளில் விற்கும் ரப்பர்த் துடுப்புகளைக் கண்டிராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நம் கடலோரத்தில் மூச்சடக்கிச் சங்கு குளிப்போர் முகத்தில் கண்ணாடி அணிவர். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொள்வர். மீனுக்கு வால் எப்படியோ அப்படி அந்தத் தகடு. தூத்துக்குடிப் பக்கத்தில் கம்ப்ரசர் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்குவோரும் உண்டு. அதனால் வரும் கேடுகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. மாமனார் மூச்சடக்கிக் குளித்தவர். அவர் எடுத்த சங்குகளில் எத்தனையோ வங்காளம் சென்று, அங்குள்ள பெண்களின் கைகளில் வளையல்களாகியிருக்கும்.

தகடு வெட்டுவதை ஒரு நாள் அருகிலிருந்து பார்த்தேன். தகடு வாங்க வந்த இளைஞனை முதலில் ஈரமணலில் நடக்கவிட்டார். மணலில் பதிந்த பாதத்தைக் குச்சியால் அளந்தார். “வீட்டுத் தரையில் அளந்தால் கால் பொய் சொல்லும்” என்றார். பாதத்தின் அளவுக்கு மேல் விரல்களுக்கு முன்னால் சற்று நீட்டி வெட்டினார். அதிகம் நீட்டினால் தொடை ஓய்ந்துவிடும், குறைத்தால் தண்ணீரைத் தள்ளாது. விளிம்பை அரத்தால் தேய்த்துத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு காலின் தகடு மறு காலின் கணுக்காலைக் கீறக்கூடாதல்லவா! அதன் பிறகு துளைகள். துளைகளின் வழியே பழைய லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வார்கள். விரல்களுக்கு மேலே ஒன்று, குதிகாலுக்குப் பின்னே ஒன்று. தகட்டை வெட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர், வாரைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தகடு தவறினால் வேகம்தான் குறையும் என்று அவர் அப்போது சொன்னதன் மறுபாதியைச் சொல்லவில்லை. அவருடைய வலது குதிகாலில் உள்ள வடு அதைச் சொல்லிற்று.

அந்த வடுவின் வரலாறு இது. என் மனைவி சிறுமியாக இருந்தபோது நடந்தது. குதிகால் வார் பழையதாகித் தளர்ந்திருந்தது. புதிய ரப்பர் வாங்கச் சோம்பி, அதை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கினார். பாறையில் சிக்கி அறுந்து கிடந்த ஒரு வலைக்குள் தகடு நுழைந்துவிட்டது. காலை இழுக்க இழுக்க முடிச்சு இறுகிற்றேயன்றிக் கழலவில்லை. கையில் கத்தியும் இல்லை. கடைசியில் குதிகால் தோலை அந்த வாரிடமே விட்டுவிட்டு மேலே வந்தார். இரண்டு மாதங்கள் செருப்பு அணிய இயலாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்தாம் என் இல்லத்தரசி. அன்று முதல் மாமனார் கட்டும் வார்களில் முடிச்சே கிடையாது. ரப்பர் வளையம் மட்டுமே. பெருவிரலால் கீழே தள்ளினால் வழுக்கிக் கழன்றுவிடும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்பு அவரை அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். சனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. மதரஸா விடுமுறை. கீழக்கரையில் ஜும்ஆ முடித்துக்கொண்டு, இராமநாதபுரத்தில் பேருந்து மாறி, அஸருக்கு முன்பாகவே நாங்கள் கரையில் இருந்தோம். வழியெல்லாம் மாமனார் பேசவில்லை. பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவ்வப்போது காற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“வாடை. கரைக்கு வருகிற காற்று. நல்லது” என்றார், மணலில் கால் வைத்ததும்.

இதன் பொருளை நான் அங்கேதான் கற்றேன். வடகிழக்குப் பருவக் காலத்தில் இந்த வடகரையில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. பட்டம் விழுந்தாலும், பலகை கை நழுவினாலும், ஆளையும் பொருளையும் காற்றே கரையில் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் தென்மேற்குக் காற்று வீசும்போது இதே கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி ஓடும். அப்போது விழுந்தவனை இலங்கைப் பக்கம் கொண்டு செல்லப் பார்க்கும். அதனால் அந்தப் பருவத்தில் பயிற்சியைத் தென்பக்கக் கரைகளுக்கும், தனுஷ்கோடியை ஒட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்புகளுக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். 1964 திசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் என் போன்றோருக்கு இன்றும் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். இளைஞர்களுக்கோ அது நல்ல காற்றுள்ள இடம்.

பயிற்சியாளர் மீனவக் குடும்பத்து இளைஞர். மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்று, “வாங்க காக்கா” என்று மணலில் விரித்த பாயில் அமரச் செய்தார். என் மகன் பாட்டனாரை “அப்பா” என்று அழைத்ததைக் கேட்டு அவர் என்னையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் கடலோரத்தில் தந்தை ‘வாப்பா’, பாட்டனார் ‘அப்பா’ என்று விளக்கிய பின்னரே அவருடைய ஐயம் தீர்ந்தது.

பலகையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். ஏறத்தாழ நாலரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். இரு முனைகளும் ஒன்றுபோல் இருக்கும். முன் பின் என்ற வேறுபாடு இல்லை. அடியில் நான்கு மூலைகளிலும் விரல் நீளத் தகடுகள். மேலே இரண்டு கால்களுக்கும் இரண்டு மெத்தைகள், அவற்றின்மீது வளைந்த இரண்டு வார்கள். மெத்தைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, வரிசையாக உள்ள துளைகளில் இடம் மாற்றிப் பூட்டலாம். வாரையோ ஒட்டுப்பட்டையைப் பிரித்து இறுக்கலாம், தளர்த்தலாம். விளையாட்டில் பாதி இந்தத் திருகாணிகளிலும் ஒட்டுப்பட்டைகளிலும்தான் இருக்கிறது என்றார் பயிற்சியாளர்.

ஏன் என்று கேட்டேன். பலகை நீரில் தட்டையாகக் கிடந்தால் காற்று அதை இழுத்த பக்கமெல்லாம் இழுத்துச் செல்லும். அதன் ஒரு விளிம்பை நீருக்குள் சாய்த்து அழுத்தினால்தான் அது கத்தியைப்போல் நீரை அறுத்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே, நாம் விரும்பும் திசையில் போகும். சாய்ப்பது எப்படி? குதிகால்கள் ஒரு விளிம்பை அழுத்த வேண்டும்; அதே நேரத்தில் புறங்கால்கள் மறு விளிம்பை மேலே தூக்க வேண்டும். அழுத்துவதற்கு வார் தேவையில்லை, உடம்பின் எடையே போதும். தூக்குவதற்கு வார் வேண்டும். காலுக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி மிகுதியானால், கால் தூக்கிய பின்பே பலகை தூக்கும். அந்த ஒரு கணத்தில் ஆள் கவிழ்ந்துவிடுவான்.

பின்னர் மகனை ஒரு மரப்பெட்டியின் மீது ஏற்றி, ஈரமணலில் குதிக்கச் சொன்னார். எண்ணிப் பாராமல் குதிக்க வேண்டும். குதித்து நின்ற இடத்தில் இரண்டு பாதங்களின் தடம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் மெத்தைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தொலைவு. இரண்டு பாதங்களும் வெளிப்புறமாக எவ்வளவு திரும்பியிருக்கின்றனவோ, அதுவே மெத்தைகளின் திருப்பம். பெரும்பாலோருக்குப் பத்துப் பன்னிரண்டு பாகை வெளிப்புறமாக வரும். முழங்காலை மடக்கும்போது அது கால் பெருவிரலின் நேருக்கு வர வேண்டும். பாதம் ஒரு பக்கமும் முழங்கால் இன்னொரு பக்கமும் பார்த்தால் முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநாண் அதற்கு விலை கொடுக்கும். மாமனார் சாய்ந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். தம் கையிலிருந்த குச்சியால் அளந்தார். என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். ஈரமணலில் அளப்பவர் எவராயினும் அவருக்கு உறவினர்தாம் போலும்.

வாரின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பாதம் வாருக்குள் நுழைந்து, பெருவிரலின் அடிமூட்டு வாரின் முன்விளிம்பைச் சற்றே தாண்ட வேண்டும். அதைவிடக் குறைவாக நுழைந்தால் முதல் அலையிலேயே பலகை போய்விடும். கணுக்கால் வரை நுழைந்துவிட்டால் விழும்போது கால் திருகும். நனைந்த காலோடுதான் அளக்க வேண்டும். உலர்ந்த காலில் சரியாக நின்ற வார் நீரில் இளகிவிடும். பிற்பகலில் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் இறுக்கிய வாரை மாலையில் அப்படியே விடக்கூடாது. இதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மாமனார், “ஆம், ஆம்” என்று கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் உங்களை ஒரு கணம் பனிமலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதே விளிம்புச் சாய்ப்புக் கலை மிகக் கூர்மையாக நடப்பது அங்கேதான். கடினப்படுத்திய பனிச்சரிவில், ஒடுங்கிய நீண்ட பலகையில், விளிம்பாலேயே கோடு கிழித்துக்கொண்டு இறங்குகிறார்கள். 1998-இல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் பனிப்பலகை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் காஷ்மீரத்துக் குல்மர்க்கில் 2020-இல் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் பனிப்பலகைப் போட்டி இடம்பெற்றது. அங்கே வெறுங்கால் உதவாது; கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ் அணிந்து, அதன் முனையையும் குதிகாலையும் உலோகத் தகட்டின் கம்பி வளையங்களில் பூட்டுவர். பூட்ஸ் வாங்கும்போது குதிகாலைச் சுவரோடு சேர்த்து நின்று பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். அந்த எண்ணே பூட்ஸின் அளவு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும். குதிகாலோ எந்நிலையிலும் எழும்பக் கூடாது. பெரிதாக இருக்கட்டும், காலுறை இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கினால் விளிம்பின் ஆணை காலை வந்தடையாது. நம் வீடுகளில், ‘வளரும் பிள்ளை’ என்று இரண்டு அளவு பெரிய செருப்பு வாங்குவோமே, அந்த வழக்கம் அங்கே செல்லாது!

அவர்கள் பாதத்தைக் குறுக்கே வைப்பதுமில்லை. பலகை பாதத்தின் நீளத்தைவிடக் குறுகியது. குறுக்கே வைத்தால் பூட்ஸின் முனையும் குதிகாலும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையைச் சாய்த்தவுடன் அவை பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். ஆகவே இரு பாதங்களையும் முன்நோக்கி ஐம்பது, அறுபது பாகை வரை திருப்பிப் பூட்டுவர். பின்காலைச் சற்றுக் குறைவாக. முன்காலின் விரல் பக்கமும் பின்காலின் குதிகால் பக்கமும் சிறிது உயர ஆப்பு வைத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருப்பதற்காக. விழுந்தால்? இரட்டைச் சறுக்குக் கட்டைகளில் பூட்டு தானே கழன்றுவிடும். ஒற்றைப் பலகையில் பொதுவாகக் கழலாது. ஒரு கால் மட்டும் கழன்று மறு கால் பூட்டியே இருந்தால் முழுப் பலகையும் அந்த ஒற்றைக் காலைத் திருகும் அன்றோ? இரண்டும் பூட்டியிருப்பதே அங்கே காப்பு.

இதைக் கேட்ட மாமனாரின் முகம் சுருங்கியது. “இங்கேயும் அப்படிப் பூட்டுவார்களா?” என்று கேட்டார்.

உயரத் தாவி வித்தை காட்டுவோரில் சிலர் இங்கும் மூடிய பூட்ஸ் அணிவதுண்டு என்றும், கற்றுக்கொள்ள வருவோருக்கு அதைத் தாம் கொடுப்பதில்லை என்றும் பயிற்சியாளர் கூறினார். பனியில் விழுந்தவன் படுத்துக்கிடக்கலாம். நீரில் விழுந்தவன் நீந்த வேண்டும். நீந்துவதற்குக் கால்கள் வேண்டும்.

அப்போதுதான் மாமனார் தம் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் 1961-இல் தூத்துக்குடியில் நடந்த முத்துச் சலாபத்தில் குளித்தவர். அதன் பிறகு அங்கே அரசுச் சலாபம் நடைபெறவில்லை. அந்தக் காலத்தில் தகடும் இல்லை, கண்ணாடியும் இல்லை. படகின் விளிம்பில் கயிற்றில் ஒரு கல் தொங்கும். கல்லுக்கு மேலே கயிற்றில் ஒரு வளையம். குளிப்பவர் அதில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல் அவரைத் தரைக்கு இழுத்துச் செல்லும். தரை தட்டியதும் முதல் வேலை காலை வளையத்திலிருந்து உருவுவதுதான். சிப்பி அதற்குப் பிறகு. கல்லை மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார். பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 14-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த இப்னு பதூதா, அங்கே குளிப்போர் ஆமையோட்டால் செய்த முகமூடியும் மூக்குக் கவ்வியும் அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கியதைக் குறிப்பிடுகிறார். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கடற்கரைக்கும் வந்து சென்றவர் அவர்.

“வாப்பாவின் வளையம் இவ்வளவு இருக்கும்” என்று மாமனார் இரு கைகளாலும் காட்டினார். கால் தாராளமாக நுழையும் அளவு. பிறகு பலகையின் வாரைத் தம் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். தம் காலையே நுழைக்க முயன்றார். ஆண்டுக்கணக்கில் தகடு கட்டிய கால். விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. நுழையவில்லை. பயிற்சியாளர் ஒட்டுப்பட்டையைக் கடைசி வரை பிரித்தும் பயனில்லை. “இது பிள்ளைகளின் கால்” என்று சிரித்தபடி பலகையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எழுந்துகொள்ளவில்லை.

“தண்ணீரில் போட்டுக் காட்டு” என்றார் பேரனிடம்.

முழங்கால் அளவு நீர். மகன் உட்கார்ந்து பலகையைக் குறுக்கே வைத்து இரு கால்களையும் நுழைத்தான். பட்டம் இன்னும் கட்டப்படவில்லை. “கையைத் தலைக்கு மேலே தூக்கு. இப்போது காலைக் கழற்று.” இடது கால் உடனே வந்தது. வலது கால் வரவில்லை. மீண்டும் முயன்றான். பலகை புரண்டு அவனையும் புரட்டியது. வாயில் உப்பு நீர் புகுந்து இருமினான். மூன்றாம் முறை கையை ஊன்றி, இழுத்த பின்பே வந்தது. முழங்கால் அளவு நீர்தான் என்று என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டைப்பையிலிருந்த தாளின் மீது என் கை இருந்ததைப் பின்னரே கவனித்தேன்.

மாமனார் நீரில் இறங்கி அவன் காலைப் பிடித்துப் பார்த்தார். சிப்பி குத்தாதிருக்க அவன் அன்று புதிதாக நீர்க்காலணி அணிந்து வந்திருந்தான். துபாயிலிருந்து அவனுடைய பெரியம்மா மகன் அனுப்பியது. அதன் அடிப்பகுதி தடித்த ரப்பர். பக்கவாட்டில் வரிவரியாக மேடுகள். வார்களை முன்தினம் வெறுங்காலுக்கு அளந்து சரிசெய்திருந்தார்கள். இவனோ யாரிடமும் சொல்லாமல் காலணியோடு வந்து நுழைத்திருக்கிறான். போகும் திசையில் வழுக்கிச் சென்ற மேடுகள் திரும்பும் திசையில் வாரின் விளிம்பைக் கவ்விக்கொண்டன. வலது கால் இடது காலைவிட ஒரு நூல் பெரிது. அதனால் அது மட்டும் சிக்கிற்று. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. செருப்புக்கடையில் ஒரு காலை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

காலணி கரைக்கு வந்தது. வலது வாரைப் பயிற்சியாளர் மிகச் சிறிதளவு தளர்த்தினார். கைகளைத் தூக்கிக்கொண்டு பத்து முறை நுழைத்துக் கழற்றச் சொன்னார் மாமனார். பத்து முறையும் எண்ணினார். பிறகு பலகையைக் காலோடு தூக்கி உதறச் சொன்னார், விழவில்லை. பாதத்தைப் பக்கவாட்டில் திருகச் சொன்னார், விழுந்தது. “போதும்” என்றார்.

பேனாவை எடுத்தேன். எழுத வேறு இடமில்லாமையால் பலகையின் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டேன். ஈரத்தில் என் பெயரின் பாதி கரைந்துவிட்டது. பயிற்சியாளர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒன்பது சதுர மீட்டர்ப் பட்டம் எழுந்தது. இருபது மீட்டருக்கு மேற்பட்ட கயிறுகள் விம்மின. இடுப்புக் கச்சையில் ஒரு சிவப்புப் பிடி உண்டு. ஆபத்தென்றால் அதைத் தள்ளினால் பட்டத்தின் இழுப்பு அற்றுப்போகும். அதையும் மும்முறை தள்ளிக் காட்டச் சொல்லிவிட்டே மாமனார் கரையேறினார். மகன் எழுந்தான், விழுந்தான், எழுந்தான். ஒரு முறை தென்னை மர உயரத் தொலைவு பலகைமீது நின்று சென்றான். அப்போது குதிகால்கள் அழுந்த, மறு விளிம்பு எழும்பி, அவனுக்குப் பின்னே நீரில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அடுத்த கணம் தலைகுப்புற விழுந்தான். பட்டம் பக்கவாட்டில் சாய்ந்தது. பலகை தனியே மிதந்து வாடையோடு கரைக்கு வந்து, மாமனாரின் காலருகே நின்றது.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து தொலைபேசி. என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார் மாமனார். மகள் என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. “கழன்றுவிட்டது, அம்மா. நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

மஃரிபுக்கு முன்பாகப் பட்டங்களை மடித்துவிட்டார்கள். வார்களையும் மெத்தைகளையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறார்கள். உப்பு படிந்தால் ஒட்டுப்பட்டை பிடிக்காது, திருகாணி துருவேறி இறுகிவிடும். கடற்கரைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் செருப்பையும் இவ்வாறே கழுவி வைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.

புறப்படும்போது கிழிந்து ஒதுக்கப்பட்ட பழைய வார் ஒன்றை மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் நான் கீழக்கரை வீட்டுக்குச் சென்றபோது அதை ஓர் அலுமினியத் தகட்டில் பொருத்தியிருந்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த வார். காலுக்கு மெத்தென்று இருக்கும் என்பது அவர் எண்ணம். ஓர் இளைஞனிடம் கொடுத்துத் தென்கடலில் சோதித்துப் பார்த்திருக்கிறார். பஞ்சு நீரைக் குடித்துக் கனத்துவிட்டதாம். நான் சென்றபோது அதை அறுத்தெடுத்துவிட்டு, லாரி டியூபில் புதிய வளையம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்.